பிரதிக்கு அனுமதி பிறந்த கதை

"ஸ்கிரிப்ட் பாஸாகிட்டா அண்ணே?"

ஹெந்தளையிலும் கொட்டாஞ்சேனையிலும் நாடகம் பழகுகிறவர்கள் நன்றாக அறிந்த கேள்வி. ஹோல் கிடைத்து, உடுப்புத் தைத்து, வசனம் பாடமான பிறகும் தணிக்கைச் சபையின் கடிதத்துக்காகத் திரை காத்திருக்கும். அந்தக் கடிதத்தின் பூர்வீகம் நானூறு வருடத்துக்கும் மேலானது.

1579இல் இங்கிலாந்தின் எலிசபெத் மகாராணி, எட்மண்ட் டில்னி என்பவரை அரண்மனைக் கேளிக்கைகளுக்குப் பொறுப்பாக நியமித்தார். நல்ல நாடகமாகப் பொறுக்கிக் கொடுப்பதே முதலில் அவர் வேலை. 1581இல் வந்த அரச ஆணை, நாட்டில் நடக்கும் அத்தனை நாடகங்களையும் அவர் கையில் ஒப்படைத்தது. பிரதியைக் காட்ட மறுத்தால் மறியலில் போடலாம். பார்த்து அனுமதிக்கக் கூலியும் உண்டு. பிரதிக்கு 7 ஷில்லிங் கொடுத்ததாகக் கொட்டகை முதலாளி ஹென்ஸ்லோ கணக்கெழுதி வைத்திருக்கிறார்.

டில்னியின் பேனா ஓடிய விதத்தை, பிரிட்டிஷ் நூலகத்திலுள்ள 'சர் தாமஸ் மோர்' நாடகத்தின் கையெழுத்துப் பிரதியில் பார்க்கலாம். 1517 மே மாதம் லண்டனில் குடியேறியிருந்த வெளிநாட்டவர் மீது கும்பல் பாய்ந்த கலவரம் அதில் வருகிறது. சட்டம் படித்த மோர் கும்பலின் முன்னால் வந்து நிற்கிறார். உங்களை நாடுகடத்தினால் எந்த மண்ணில் போய் ஒண்டுவீர்கள், அங்கே உங்களை இப்படி நடத்தினால் தாங்குவீர்களா என்று கேட்கிறார். இந்தப் பேச்சு வரும் மூன்று பக்கங்களும் ஷேக்ஸ்பியர் கைப்பட எழுதியவை என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு.

டில்னியோ முதல் பக்கத்து ஓரத்திலேயே உத்தரவு போட்டுவிட்டார். கலவரமும் வேண்டாம், அதன் காரணமும் வேண்டாம். மோர் அதை அடக்கினார் என்று யாராவது சுருக்கமாகச் சொன்னால் போதும். மீறினால் வருவதை அனுபவியுங்கள் என்பது அதன் சாரம். கலவரமே இல்லையென்றால் அதை அடக்கும் பேச்சுக்கு ஏது இடம்?

இந்தப் பழக்கம் பிறகு கப்பலேறியது. 1876இல் கல்கத்தாவில், வேல்ஸ் இளவரசரைத் தன் வீட்டு அந்தப்புரத்துக்கே அழைத்து உபசரித்த வக்கீல் ஜகதானந்த முகர்ஜியை ஒரு நாடகம் நையாண்டி செய்தது. வைஸ்ராய் நோர்த்புரூக் உடனே அவசரச் சட்டம் போட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் அது நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டமாகவே ஆனது. இலங்கைக்கு 1912ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. நாடகப் பிரதியைத் தணிக்கை செய்யும் வழக்கத்தை லண்டன் 1968இல் கைவிட்டது. வெள்ளைக்காரன் போன பிறகும் கொழும்பில் அவன் எழுதிய சட்டம் தங்கிவிட்டது.

இதே ஹெந்தளையில்தான் படத் தயாரிப்பாளர் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ இருந்தது. 1983 ஜூலைக் கலவரத்தில் அதற்குத் தீ வைக்க வந்தவர்களிடம் ஒருவரும் ஸ்கிரிப்ட் கேட்கவில்லை.