நிப்பா நோயும் மந்தைப் பிரிப்பும்: மலேசியக் கால்நடை வரலாற்றில் ஒரு பாடம்

முன்னுரை

பகாங் மாநிலத்தைச் சேர்ந்த கேமரன் மலை, 1885ஆம் ஆண்டில் அப்பகுதியை ஆராய்ந்த நில அளவையாளர் வில்லியம் கேமரனின் பெயரைத் தாங்கியுள்ளது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் முதலாக அங்கு எழுந்த தோட்டங்கள் தமிழர் உழைப்பால் வளர்ந்தவை. இந்நாட்டுத் தோட்டப்புறத் தமிழருக்குக் கால்நடை வளர்ப்பு புதிதன்று. இந்தியக் குடியேறிகளோடு வந்த மாடுகளின் வழித்தோன்றல்கள் இன்று 'உள்ளூர் இந்தியக் கறவை மாடு' எனும் இனமாக அறியப்படுகின்றன.

நோய் கண்ட மாட்டைத் தனியே கட்டுதல் கால்நடை வளர்ப்போர் நெடுங்காலமாக அறிந்த முறையாகும். ஆயினும், பிரித்து வைத்தல் ஒரு மாட்டோடு முடிவதன்று. மந்தைகளுக்கிடையிலும் பண்ணைகளுக்கிடையிலும், வீட்டு விலங்குக்கும் காட்டு விலங்குக்கும் இடையிலும் அது வேண்டப்படுகிறது. இவ்வுண்மையை மலேசியா பேரிழப்போடு கற்றுக்கொண்டது நிப்பா நோயின்போதாகும். கேமரன் மலைக்கு மேற்கே, மலைத்தொடரின் அடிவாரமான கிந்தாப் பள்ளத்தாக்கில் அது தொடங்கியது. அந்நோய் தாண்டிய நான்கு எல்லைகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

வௌவாலும் பன்றியும்

ஈப்போவுக்கு அருகிலிருந்த ஒரு பெரும்பண்ணையில் ஏறத்தாழ 30,000 பன்றிகள் வளர்க்கப்பட்டன. கொட்டில்களை ஒட்டி மாமரங்கள் நின்றன. பழந்தின்னி வௌவால்கள் கடித்துப் போட்ட பழங்களின் வழியாகக் கிருமி பன்றிகளை அடைந்திருக்கும் என்பது ஆய்வாளர் கருத்து. பின்னர் பகாங்கைச் சேர்ந்த தியோமான் தீவில் வௌவால்களின் சிறுநீரிலும் அவை கடித்த பழத்திலும் இவ்வைரஸ் கண்டறியப்பட்டமை இக்கருத்துக்கு வலுவூட்டியது.

ஒரே பண்ணைக்குள்

கிருமி ஒருமுறை நுழைந்திருப்பின், பெரும்பாலான பன்றிகள் எதிர்ப்பாற்றல் பெற்றதும் நோய் தானே அடங்கியிருக்கும். ஆனால் அது இரண்டாம் முறையும் நுழைந்ததாகப் பின்னாளைய ஆய்வுகள் காட்டுகின்றன. அப்போது மந்தையில் எதிர்ப்பாற்றல் உடையனவும் அற்றனவும் கலந்திருந்தன. தாயிடமிருந்து பெற்ற பாதுகாப்பு குன்றிய குட்டிகள் தொடர்ந்து சேர்ந்துகொண்டே இருந்தமையால் கிருமி அழியாது நிலைபெற்றது. பல வயதுக் கூட்டங்கள் ஒரே இடத்தில் நெருங்கி வாழ்வதன் ஆபத்து இதுவேயாகும்.

பண்ணையிலிருந்து பண்ணைக்கு

இந்நோயால் இறந்த பன்றிகள் சிலவே. குரைப்பது போன்ற உரத்த இருமல் அதன் அடையாளமாயினும், வணிகத்தை அது தடுக்கவில்லை. நோயுற்ற மந்தைகள் லாரிகளில் தெற்கே சென்றன. 1998 செப்டம்பரில் கிந்தாவில் மனிதரிடையே தோன்றிய நோய், அவ்வாண்டிறுதியில் நெகிரி செம்பிலானின் சீக்காமாட், சுங்கை நிப்பா ஆகிய இடங்களிலும், அடுத்து புக்கிட் பெலாண்டோக்கிலும் பரவியது. 1999 மார்ச்சில் சிங்கப்பூர் இறைச்சிக்கூடத் தொழிலாளர் பதினொருவர் நோயுற்று, ஒருவர் இறந்தார். நோய் சென்ற வழி விற்பனை வழியாகவே இருந்தது.

விலங்கிலிருந்து மனிதனுக்கு

தொடக்கத்தில் இது கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் எனக் கருதப்பட்டது. அதற்கேற்பப் புகை அடிக்கப்பட்டது, தடுப்பூசி போடப்பட்டது. ஆனால் அந்நோய் சிறுவரையே மிகுதியாகத் தாக்குவது. இங்கு நோயுற்றோரோ பெரும்பாலும் பன்றிகளோடு பணியாற்றிய வயதுவந்த ஆடவர். தடுப்பூசி பெற்றோரும் அவர்களுள் இருந்தனர். சீனப் பண்ணையாளரோடு இந்தியத் தொழிலாளரும் நோய்வாய்ப்பட, அருகில் வாழ்ந்த மலாய்க்காரரிடையே நோய் அரிதாகவே இருந்தது. கொசு இனம் பார்த்துக் கடிப்பதில்லை. தொழில்தான் நோயின் எல்லையை வகுத்தது.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ நுண்ணுயிரியல் துறையில் சுவா காவ் பிங் புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். நோயாளி ஒருவரின் ஊரான சுங்கை நிப்பாவின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. அதற்குள் காலம் பெரிதும் கடந்துவிட்டது. மலேசியாவில் 265 பேர் நோயுற்றனர். 105 பேர் இறந்தனர். பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட பன்றிகள் இராணுவத்தின் துணையோடு கொல்லப்பட்டன. பிரித்து வைக்கத் தவறியதன் விலையை முதலில் செலுத்தியோர் கொட்டிலில் நின்று உழைத்தவர்களே.

முடிவுரை

மேற்கண்ட நான்கு எல்லைகளையும் காத்திருக்கக்கூடிய வழிகள் எளியவை. கொட்டிலருகே பழமரங்களைத் தவிர்த்தல். வயதுக் கூட்டங்களைத் தனித்தனியே வளர்த்து, ஒரு கூட்டம் நீங்கியபின் இடத்தைத் தூய்மை செய்தல். புதிதாக வாங்கிய விலங்கைச் சில வாரங்கள் ஒதுக்கி வைத்தல். நோயுற்ற மந்தையை விற்காதிருத்தல். தொழிலாளருக்குக் காலணி, கையுறை, உடை ஆகியவற்றை வழங்குதல் என்பன அவை. நோயை மறைப்போர் பெருகாதிருக்க, அழிக்கப்படும் மந்தைக்கு உரிய இழப்பீடும் வேண்டும்.

நிப்பா பின்னர் வங்காளதேசத்திலும், 2018இல் கேரளத்தின் கோழிக்கோட்டிலும் தோன்றியது. ஆகவே இது ஒரு நாட்டின் பழங்கதை மட்டுமன்று. மலைத்தோட்டத்தில் இரண்டு மாடுகளை வைத்திருப்பவருக்கும், ஆயிரக்கணக்கில் விலங்கு வளர்க்கும் பண்ணை முதலாளிக்கும் விதி ஒன்றே: மந்தைகளுக்கிடையே எழுப்பப்படும் வேலி மனித உயிருக்கும் வேலியாகும்.