ஆபிரகாம் வீட்டு வாசலில் முகலாயர்கள்

1656 ஜூலை. ஆம்ஸ்டர்டாமில் ஒரு பெரிய வீட்டில் அறை அறையாகப் புகுந்து ஓவியம், சிலை, ஆல்பம் என்று ஒன்றுவிடாமல் பட்டியல் எடுக்கிறார்கள். மொத்தம் 363 அயிட்டங்கள்! வீட்டுக்காரர் கடனில் மூழ்கி, ‘இனி என்னால் முடியாது’ என்று கையை விரித்துவிட்டார். பெயர், ரெம்ப்ராண்ட். ஆமாம், அந்த மகா ஓவியரேதான்!

அதே வருடம் அவர் ஒரு செப்புத் தகட்டைக் கையில் எடுத்தார். மேலே மெழுகுப் பூச்சு, அதில் ஊசிக் கீறல், அப்புறம் அமிலம். கீறின இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அந்தப் பள்ளத்தில் மை ஏற்றிக் காகிதத்தை வைத்து அழுத்தினால், படம் ரெடி! போஸ்ட் கார்டைவிடச் சற்றுப் பெரிசு, அவ்வளவுதான்.

படத்தில் ஆபிரகாம். வெயில் நேரத்தில் வந்த மூன்று வழிப்போக்கர்களை உபசரிக்கிறார். வந்தவர்கள் தேவ தூதர்கள். கிழவி சாராளுக்குப் பிள்ளை பிறக்கும் என்று சொல்ல வந்தவர்கள்.

இந்தக் காட்சிக்கு விருந்தாளிகளை எப்படி உட்கார வைப்பது? ரெம்ப்ராண்டுக்கு யோசனை கொடுத்தது நம்மூர்! டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி நம் நாட்டோடு வியாபாரம் செய்த காலம் அது. முகலாய நுண்ணோவியங்களும் ஹாலந்து போய்ச் சேர்ந்தன. மரத்தடியில் நாலு பெரியவர்கள் தரையில் உட்கார்ந்து பேசும் ஒரு படம் அவரைச் சொக்க வைத்தது. கம்பம் பக்கத்துக் கிராமங்களில் ஆலமரத்தடியில் பார்ப்பீர்களே, அதே ஜோர்! அதை அப்படியே பிரதி எடுத்தார். அந்தப் பிரதி இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

ஆபிரகாம் படத்திலும் அதே பாணி. மேஜை, நாற்காலி கிடையாது. தாடி வைத்த விருந்தினர்கள் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆபிரகாம் கையில் கூஜாவோடு பணிவாக நிற்கிறார். கதவருகே சாராள் ஒட்டுக் கேட்கிறாள். பின்னால் ஒரு பையன், நமக்கு முதுகைக் காட்டியபடி வில்லோடு விளையாடுகிறான். அவன் இஸ்மவேல், ஆகாருக்குப் பிறந்த மூத்த மகன். இங்கே சொல்லப்படும் நல்ல சேதிதான் பின்னால் அவனை வீட்டை விட்டு அனுப்பப் போகிறது. அது தெரியாமல் விளையாடிக் கொண்டிருக்கிறான், பாவம்!

ரெம்ப்ராண்டின் வீடும் 1658-ல் ஏலம் போனது. 1669-ல் வாடகை வீட்டில்தான் இறந்தார். அவரைச் சொக்க வைத்த நுண்ணோவியத்தின் கதி? வியன்னாவின் ஷான்ப்ரூன் அரண்மனைக்குப் போனது. 18-ம் நூற்றாண்டில், அங்கிருந்த முகலாயப் படங்களையெல்லாம் கத்தரித்து, ஒட்டுப் போட்டு, ஒரு அறையின் சுவருக்கு அலங்காரமாக்கிவிட்டார்கள்!