நாலு வருஷம் வராத கையெழுத்து

சட்டம் வந்துவிட்டால் உரிமையும் வந்துவிடுமா? அமெரிக்க மாற்றுத்திறனாளிகளுக்கு வரவில்லை.

1973-ல் அங்கே மறுவாழ்வுச் சட்டம் நிறைவேறியது. மத்திய அரசின் பணம் பெறும் எந்தத் திட்டத்திலும் ஊனத்தைக் காரணம் காட்டி யாரையும் ஒதுக்கக்கூடாது என்றது அதன் 504-வது பிரிவு. 1964-ம் வருட சிவில் உரிமைச் சட்டத்தில் இனம், நிறம் பற்றி இருந்த வாசகத்தை ஒட்டி எழுதப்பட்டது அது. ஆனால் விதிமுறைகளில் அமைச்சர் கையெழுத்துப் போட்டால்தான் அமலுக்கு வரும். நாலு வருஷமாகியும் போடவில்லை. சாய்தளம், லிஃப்ட் என்று செலவாகுமே என்ற கவலை.

1977 ஏப்ரல் 5. சான் பிரான்சிஸ்கோவில் சுகாதார, கல்வி, நலத்துறை அலுவலகத்துக்குள் சுமார் 150 பேர் போய் உட்கார்ந்துவிட்டார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் ஜூடி ஹ்யூமன். போலியோவால் சக்கர நாற்காலியில் இருந்தவர். தீப்பிடித்தால் ஆபத்து என்று நியூயார்க்கில் ஆசிரியர் உரிமம் மறுக்கப்பட, 1970-ல் வழக்குப் போட்டு வாங்கியவர். அலுவலகத்தில் தொலைபேசியைத் துண்டித்தார்கள். காது கேளாதவர்கள் ஜன்னல் வழியே சைகை மொழியில் வெளியே சேதி சொன்னார்கள். கறுப்பினத்தவரின் பிளாக் பாந்தர் கட்சியினர் தினமும் சூடான சாப்பாடு கொண்டுவந்தார்கள். அவர்களுக்கு இது யாருடைய போராட்டமோ அல்ல.

ஏப்ரல் 28-ல் அமைச்சர் ஜோசப் கலிஃபானோ கையெழுத்திட்டார். 30-ம் தேதிதான் வெளியே வந்தார்கள். 1990-ல் வந்த அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம், இதே தடையைத் தனியார் கடை, ஓட்டல், தியேட்டர் வரைக்கும் கொண்டுபோனது.

வணிகவியல் வகுப்பில் எந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று படிக்கிறோம். சாய்தளத்தை நன்கொடையில் எழுதினால் கையில் பணமில்லாத வருஷம் நிறுத்திவிடலாம். உரிமை என்றால் அது கொடுத்தே தீரவேண்டிய பாக்கி. அந்த 150 பேர் கேட்டது தலைப்பை மாற்றி எழுதச் சொல்லித்தான்.