மனத்துக் காயத்தைக் கணக்கெடுத்தவர்கள்

நான் சிறுவனாக இருந்தபோது, பால்மரம் வெட்டுகையில் யாருக்காவது கத்தி பட்டால் தோட்டத்து டிரெஸர் கட்டுப் போட்டு ஏட்டில் எழுதிக்கொள்வார். "மனசு சரியில்லை" என்று வந்தவரை எழுத ஏடு கிடையாது. உலகச் சட்டத்துக்கும் இதே சங்கடம் இருந்தது.

ஐக்கிய நாடுகள் சபையின் 1948ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனம் சித்திரவதையைத் தடுத்தது. 1984ஆம் ஆண்டு உடன்படிக்கை, உடல் வேதனையோடு மன வேதனையும் சித்திரவதையே என்றது. மனத்தில் பட்ட அடியை மருத்துவரும் உளவியலாரும் விசாரித்துச் சாட்சியமாக எழுதும் முறையை, 1999இல் உருவான இஸ்தான்புல் கையேடு வகுத்தது. இப்படி மனத்தை விசாரித்து எழுதும் வழி கூலிக்காரருக்கும் உதவிய ஓரிடம் சிங்கப்பூர்.

அங்கே தேக்காவில், சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் கஃப் சாலை இருக்கிறது. வேலையில் அடிபட்டோ சம்பளம் வராமலோ புகார் கொடுத்த தமிழ்நாட்டு, வங்காளதேசத் தொழிலாளருக்காக, டி.டபிள்யு.சி.2 என்னும் தொண்டு அமைப்பு 2008இல் தொடங்கிய இலவச உணவுத் திட்டத்துக்கு அந்தச் சாலையின் பெயர்தான். வழக்கு முடியும்வரை அவர்களில் பெரும்பாலோர் வேலை செய்ய அனுமதி இல்லை. ஊரிலோ, ஏஜெண்டுக்குக் கட்டுவதற்காக வாங்கிய கடன்.

இப்படிக் காத்திருந்தவர்களும் வழக்கம்போல் வேலைக்குப் போனவர்களுமாக 600 பேருக்கு மேல் விசாரித்து, சிங்கப்பூர் மேலாண்மைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் அறிக்கை வெளியிட்டார்கள். அமெரிக்க அறிஞர் ரொனால்ட் கெஸ்லர் வகுத்த ஆறு கேள்விகள் அதற்குப் பயன்பட்டன. கடந்த முப்பது நாளில் எவ்வளவு நேரம் நம்பிக்கை இழந்திருந்தீர்கள்? எவ்வளவு நேரம் படபடப்பு? எதற்கும் உதவாதவன் என்று எவ்வளவு நேரம் தோன்றிற்று? "பைத்தியமா?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நம்மவர் யார் ஒப்புக்கொள்வார்!

புகார் கொடுத்துக் காத்திருந்தவர்களில் 100க்கு 60 பேருக்கு மேல் கடுமையான மனநோயின் அறிகுறி தெரிந்தது. மற்றவர்களிடம் அது வெகு குறைவு. கடனும், ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவோம் என்ற மிரட்டலும் இருந்த இடத்தில் வேதனையும் கூடியிருந்தது. ஒருவன் மட்டும் கலங்கினால் அவன் சுபாவம் எனலாம். இத்தனை பேர் ஒரே நிலைமையில் ஒரேமாதிரி கலங்கினால் அந்த நிலைமையைத்தானே விசாரிக்கவேண்டும்?

2020இல் கொரோனா பரவியபோது லட்சக்கணக்கான தொழிலாளர்கள் மாதக்கணக்கில் விடுதிகளுக்குள் அடைபட்டார்கள். அவ்வாண்டு நவம்பரில் மனிதவள அமைச்சு அவர்கள் மனநலத்துக்கென ஒரு பணிக்குழுவை அறிவித்தது. வேலை அனுமதியை முதலாளி ரத்து செய்யலாம் என்ற ஏற்பாடு மட்டும் அப்படியே இருந்தது.