மிகுதி உணர்த்தும் சொற்கள்

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில், இருப்புப்பாதையை ஒட்டி அமைந்த சிற்றூர் பாலோ. ஜொகூரைக் கடந்து செல்லும் அப்பாதை 1909ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. இரப்பர்த் தோட்டங்களும், பின்னாளில் அவற்றினிடத்தில் எழுந்த செம்பனைத் தோட்டங்களும் தமிழர் வாழ்வைத் தாங்கிய வட்டாரம் அது. 2006 டிசம்பரிலும் 2007 சனவரியிலும் ஜொகூர் மாநிலத்தை வெள்ளம் சூழ்ந்தபோது குளுவாங் மாவட்டமும் அதற்குத் தப்பவில்லை. மாநிலம் முழுவதிலும் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வீடுவாசல் துறந்து நிவாரண மையங்களில் தங்க நேர்ந்தது.

இத்தகைய அழிவின் கடுமையைக் கூற ஆங்கிலம் ‘பேட்லி’ என்னும் வினையடையை ஆளுகின்றது. மலாய்மொழி ‘தெரோக்’ என்கின்றது. மூன்று மொழிகளையும் ஒருங்கே கற்கும் தமிழ்ப்பள்ளி மாணவனோ, ‘ஊர் மோசமாகப் பாதிக்கப்பட்டது’ என்று எழுதிவிடுகின்றான். பொருள் விளங்காமல் இல்லை. ஆயினும் அது தமிழ் நடைதானா என்னும் ஐயம் எழுகின்றது. அதனைத் தீர்க்க இச்சொற்களின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

ஆங்கிலத்தில் ‘பேட்லி’ இருவேறு பணிகளைச் செய்கின்றது. ஒருவன் பாடத் தெரியாமல் பாடினான் என்பதற்கும் அச்சொல்லே. ஒருவன் பலத்த காயமுற்றான் என்பதற்கும் அச்சொல்லே. முன்னது செயலின் தன்மை. பின்னது அதன் அளவு. தீமையைக் குறித்த சொல் அளவைக் குறிக்கும் சொல்லாக மாறியமை அம்மொழிக் குடும்பத்தில் புதுமையன்று. பழைய ஆங்கிலத்தில் வலியைக் குறித்த ‘சோர்’ என்னும் சொல், ‘மிகவும்’ என்னும் பொருளிலும் வழங்கியது. 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில் அவ்வழக்கைக் காணலாம். ஜெர்மன் மொழியில் அதன் உடன்பிறப்பாகிய ‘ஸேர்’ வலி என்னும் பொருளை இழந்து, இன்று ‘மிக’ என்னும் பொருளை மட்டுமே தருகின்றது. ‘டெரிப்ளி’, ‘ஆஃபுலி’ ஆகியவை அச்சத்தில் பிறந்தவை. எங்கும் ஒலிக்கும் ‘வெரி’ ஒன்றுதான் உண்மை எனப் பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. வலியும் அச்சமும் மனிதனை ஆட்கொள்ளும் உணர்வுகள். ஆதலின் அவை மிகுதிக்கு அளவுகோலாயின போலும்.

தமிழ் வேறு வழியில் சென்றது. உறு, தவ, நனி என்னும் மூன்றும் மிகுதிப் பொருளன எனத் தொல்காப்பியர் உரியியலில் ஓதினார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தியார் சால, கூர், கழி என்பனவற்றையும் சேர்த்து ஆறாக்கினார். இவற்றுள் பல, நிறைதல், மிகுதல், கடத்தல் ஆகிய கருத்துகளில் வேர்கொண்டவை. சாலுதல் என்பது நிறைதல். தெலுங்கர் இன்றும் ‘சாலா’ என்று அதனையே மொழிகின்றனர். மலையாளத்தார் வளர்தலிலிருந்து ‘வளரெ’ என்னும் சொல்லைப் பெற்றனர். இக்காலப் பேச்சில் வழங்கும் ‘ரொம்ப’ என்பதும் ‘நிரம்ப’ என்பதன் திரிபே. கொச்சை என ஆசிரியர் ஒதுக்கும் அச்சொல், சால என்பதன் பொருளையே தாங்கி நிற்றல் நோக்கத்தக்கது.

அறிஞர் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலில், திராவிட மொழிகளில் வினையடை என்று தனியே ஒரு சொல்வகை இல்லை என்றும், அவ்வாறு பயன்படுவன பெயரோ வினைத் திரிபோ ஆகும் என்றும் கருதினார். இதனைக் குறை கூறியதாகக் கொண்டு வருந்துவோர் உளர். வருந்தற்கு இடமில்லை. ‘மிக’, ‘நிரம்ப’, ‘சால’ ஆகியவை வினையின் எச்ச வடிவங்களே என்பது வெளிப்படை. தமிழ் இலக்கண மரபிலும் பெயர், வினை, இடை, உரி என நால்வகைச் சொல்லே உண்டு. இன்று தமிழ்ப்பள்ளிகளில் பயிலப்படும் ‘வினையடை’ என்னும் குறியீடு பிற்காலத்தது.

அறுவகைச் சொற்களின் இன்றைய நிலை சுவையானது. ‘சாலச் சிறந்தது’ என்பது மாணவர் கட்டுரைதோறும் வருகின்றது. ‘அன்பு கூர்ந்து’ என்பது மடல்களில் வாழ்கின்றது. ‘கழி’ என்பது கழிநெடிலடி என யாப்பிலக்கணத்தில் எஞ்சியுள்ளது. ‘தவ’ ஏறத்தாழ மறைந்தது. பெரும்பாலும் நன்மைக்கே இவை இன்று அடையாகின்றன. முன்னாளில் அவ்வரையறை இல்லை. நாட்டின் இலக்கணம் கூறுமிடத்துத் திருவள்ளுவர் ஆளும் ‘உறுபசி’ என்பதே சான்று. பசியின் கொடுமை முழுவதையும் ‘உறு’ என்னும் ஈரெழுத்தே தாங்கி நிற்கின்றது.

தீமையின் அளவைக் கூறத் தமிழ் தனியே வைத்திருக்கும் செல்வம் வேறு. தொல்காப்பியர் ‘கடி’ என்னும் உரிச்சொல்லுக்குக் கூறிய பொருள்களுள் மிகுதியும் அச்சமும் அடங்கும். நன்னூலார் அச்சொல்லுக்குப் பதின்மூன்று பொருள் உரைத்தார். அதனோடு ஒலியாலும் பொருளாலும் நெருங்கிய ‘கடு’ என்பது கடும்புயல், கடும்பஞ்சம், கடுங்காய்ச்சல் என இன்றும் ஆட்சி செய்கின்றது. ‘கொடு’ என்பது கொடும்பசியில் உள்ளது. ‘படு’ என்பது படுகாயம், படுதோல்வி, படுகொலை என வரும். படுதல் என்பதற்குத் துன்புறுதல், மாளுதல் ஆகிய பொருள்களும் இருத்தலின், வலியிலிருந்து மிகுதிக்குச் சென்ற ஆங்கில வழியைத் தமிழும் ஓரளவு அறிந்திருந்தது எனக் கருத இடமுண்டு. ‘பயங்கரமாகப் பசிக்கிறது’ என்னும் பேச்சு வழக்கும் அவ்வழிப்பட்டதே.

இன்னும் ஒன்று. அடைமொழியே வேண்டாது வினைச்சொல்லிலேயே கடுமையை வைப்பது தமிழின் இயல்பு. பாலம் சேதமுற்றது என்பது ஒன்று. சிதைந்தது, நொறுங்கியது, உருக்குலைந்தது என்பன அடுத்தடுத்த படிகள். இவற்றை விடுத்து ‘மோசமாகச் சேதமுற்றது’ என எழுதுவது, வீட்டில் நெல்லிருக்க ஊரில் உமி தேடுவதாகும்.

‘மோசம்’ என்னும் சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. களவு எனப் பொருள்படும் வடசொல்லின் வழிவந்த அது, தமிழில் வஞ்சனை என்னும் பொருளில் வழங்கியது. 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பேரகராதியிலும் அப்பொருள் உண்டு. ‘மோசம் போனான்’ என்றால் ஏமாந்தான் என்பதே பொருள். கேடான நிலையை அது குறிக்கலாம். ‘மோசமாகப் பாடினான்’ என்பதில் பிழையில்லை. ஆனால் ‘பேட்லி’ வருமிடமெல்லாம் அதனை இருத்தினால் தன்மையும் அளவும் மயங்கும். காயமாயின் பலத்த காயம், நோயாயின் கடும்நோய், தோல்வியாயின் படுதோல்வி. உதவி பெரிதும் தேவை என்பதற்கும் ஆங்கிலேயர் ‘பேட்லி’ என்னும் சொல்லையே ஆள்வர். அவ்விடத்து ‘உதவி மோசமாகத் தேவை’ என்று எழுதும் மாணவனுக்கு, ‘உடனடியாக உதவி வேண்டும்’ என்று அவன் வீட்டார் அன்றாடம் சொல்வதையே நினைவூட்டினால் போதும்.