கரண்டி கைமாறும் வழி

தமிழ்நாட்டுக் கட்டட வேலையில் கல்லும் சாந்தும் சுமப்பவர் சித்தாள், கலவை போட்டுக் கொடுப்பவர் பெரியாள் அல்லது நிமிந்தாள், சுவர் எழுப்புபவர் கொத்தனார், ஆள் சேர்த்து வேலையை ஏற்று நடத்துபவர் மேஸ்திரி. தொழிலுக்குப் புதிதாக வருபவர் இந்த வரிசையின் அடியில்தான் நுழைந்தார். கல்தச்சும் மரத்தச்சும் கம்மாளர் குடிகளுக்குள் தந்தையிடமிருந்து மகனுக்குப் போயின. செங்கல், சுண்ணாம்பு வேலை அந்த அளவுக்கு இறுகவில்லை. உறவுக்காரரோ ஊர்க்காரரோ கைபிடித்து அழைத்து வந்தால் போதும்.

சுண்ணாம்புக் காலத்தில் கற்க வேண்டியது நிறைய இருந்தது. காளவாயில் சுட்ட சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ நீற்றி, மணல் சேர்த்து, வட்டப் பள்ளத்தில் மாடு இழுக்கும் கல் உருளையால் அரைப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சாந்தில் சேரும். பதம் வந்ததா என்பதை விரலால் தொட்டுத்தான் அறிய முடியும்; அந்த விரல் பழக ஆண்டுகள் பிடித்தன. மெட்ராஸ் டெரஸ் எனப்படும் மொட்டை மாடித் தளம் இன்னும் கடினம். மர உத்தரங்களுக்கு மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாகவும் கோணலாகவும் அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் பரப்பி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். சுண்ணாம்பு இடிக்கும் பாட்டு என்று நாட்டுப்புறப் பாடல்களில் ஒரு வகையே உண்டு.

கரண்டி ஒரே நாளில் கைக்கு வரவில்லை. சுவரின் இரு மூலைகளையும் தூக்குக்குண்டு பார்த்துக் கொத்தனாரே எழுப்பி, இடையில் நூல் கட்டுவார். அந்த நூலுக்குள் கல் வைப்பதுதான் புதியவருக்கு முதல் பாடம். பிறகு கண்ணில் படாத பின்சுவர், அதன் பிறகு பூச்சு. மூலையைத் தனியாக எழுப்பத் தெரிந்தவரே கொத்தனார். சான்றிதழ் யாரும் தரவில்லை; மேஸ்திரி கொடுக்கும் கூலி உயர்ந்தால் அதுவே சான்று.

இதற்குப் பக்கத்தில் வேறொரு வாசலும் திறந்தது. 1794-இல் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கிய நில அளவைப் பள்ளி, 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் சிவில் இன்ஜினியரிங் கல்லூரியாகி, 1920-இல் கிண்டிக்கு இடம் மாறியது. படித்தவர் ஓவர்சியராகவும் பொறியாளராகவும் வேலைக்கு வந்தார். கையால் கற்றவர் கொத்தனாராகவே இருந்தார். ஒரே கட்டடத்தில் நின்றும் இந்த இரு வழிகள் அரிதாகவே சந்தித்தன. 1950-களில் பரவிய தொழிற்பயிற்சி நிலையங்களாலும் அந்த இடைவெளியை அதிகம் நிரப்ப முடியவில்லை.

சிமெண்ட் தொழிலையே மாற்றியது. 1904-இலேயே சென்னையில் கிளிஞ்சலைக் கொண்டு சிமெண்ட் தயாரித்துப் பார்த்தார்கள். அந்த முயற்சி நிலைக்கவில்லை. சுதந்திரத்துக்குப் பின் சிமெண்ட் எங்கும் பரவியபோது, சில மணி நேரத்தில் இறுகும் கலவைக்கு விரல் பதம் தேவைப்படவில்லை. கற்கும் காலம் சுருங்கியது. கான்கிரீட் வந்ததும் கம்பி கட்டுதல், சென்ட்ரிங் எனத் தனித்தனி வேலைகள் பிரிந்தன. சுவரே எழுப்பத் தெரியாதவரும் கட்டடத் தொழிலாளியாக முடிந்தது. இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருபவர்கள் பெரும்பாலும் இந்த வழியாகவே நுழைகிறார்கள்.

சட்டம் பின்னால் வந்தது. 1994-இல் தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. 1996-இன் மத்தியச் சட்டம், 18 வயது முதல் 60 வயதுக்குள், முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 90 நாள் வேலை செய்தவரைப் பயனாளியாக ஏற்றது.

இந்த வரலாறு முழுவதிலும் ஒரு படி மட்டும் அடைபட்டே கிடக்கிறது. சித்தாளாக வரும் ஆண் சில ஆண்டுகளில் கரண்டி பிடிக்கிறார். அவரோடு அதே நாளில் சேர்ந்த பெண்ணுக்குத் திறமை இல்லாததால் அல்ல, கரண்டியை யாரும் நீட்டாததால்தான் அது கிட்டுவதில்லை. 60 வயதில் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கும்போதும் பெரும்பாலான பெண்கள் சித்தாள்களாகவே இருக்கிறார்கள்.