நோன்பு நாளும் கம்பளிப் பொம்மையும்

சென்ற ரமளானின் முதல் வாரத்தில் எங்கள் இல்லத்தில் ஒரு சிறு மனத்தாங்கல் நேர்ந்தது. லுஹர் தொழுகை முடித்துக் கூடத்தில் பாய் விரித்து, இரண்டரை வயது மகளை அருகில் அமர்த்திக்கொண்டு, வண்ணத் தாள்களையும் நூற்கண்டையும் கொண்டு பெருநாளுக்கென்று பிறைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தோம். மகள் செய்த வேலை பசையைத் தாளிலும் தரையிலும் தன் தலைமுடியிலும் தடவியது மட்டுமே. அதைக் கண்ட உம்மும்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. "நோன்பை வச்சிக்கிட்டு இதுவா வேலை? அந்த நேரத்துல ரெண்டு பக்கம் ஓதக் கூடாதா?" என்றார். கடிந்து சொல்லவில்லை, ஆயினும் மூத்தவர் சொல். மறுமொழி கூறாமல் தாள்களைச் சுருட்டி வைத்தோம். பிள்ளை அழுதாள்.

அழுகை ஓய்ந்த பின்னும் அந்தக் கேள்வி ஓயவில்லை. ரமளானின் பகற்பொழுது விலைமதிப்பற்றது என்பதில் எங்களுக்கும் ஐயமில்லை. அதை ஒரு சிறு பிள்ளையின் விளையாட்டுக்குச் செலவிடுவது வீண்தானா? இபாதத்துக்குரிய நாள்களில் முன்னோர் தம் வீட்டுக் குழந்தைகளை எங்கே வைத்திருந்தனர்? தராவீஹுக்குப் பிந்திய இரவுகளில் நூல்களைப் புரட்டினோம். கிடைத்தவற்றுள் சிலவற்றை இங்கே பகிர்கிறோம்.

முதலில் எம் கண்ணில் பட்டவர் ருபய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்கள். மதீனாவின் நஜ்ஜார் குலத்துப் பெண்மணி. அவருடைய தந்தை முஅவ்வித் (ரலி) பத்ருப் போரில் ஷஹீதானவர். இவருடைய திருமண நாளில் நபி (ஸல்) அவர்கள் வீட்டுக்கு வருகை தந்ததையும், சிறுமியர் தஃப் அடித்து பத்ரில் மாண்டோரைப் பாடியதையும் இவரே அறிவித்திருக்கிறார். போர்க்களங்களில் தாகம் தீர்த்தும் காயம்பட்டோரைப் பேணியும் தொண்டாற்றியவர்களுள் ஒருவர். அவர் அறிவித்த ஒரு செய்தி புகாரீயிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது.

ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டில் ரமளான் நோன்பு கடமையாவதற்கு முன்னர், முஸ்லிம்கள் முஹர்ரம் 10-ஆம் நாளான ஆஷூரா நோன்பை நோற்று வந்தனர். ஓர் ஆஷூரா நாளின் காலையில், மதீனாவைச் சுற்றியிருந்த அன்சாரிகளின் சிற்றூர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் ஆளனுப்பினார்கள். நோன்புடன் விடிந்தவர் அதைத் தொடரட்டும், நோன்பின்றி விடிந்தவரும் எஞ்சிய பகலை உண்ணாமல் கழிக்கட்டும் என்பது அறிவிப்பு. அதன்பின் தாங்களும் நோற்றதாகவும், தம் பிள்ளைகளையும் நோற்கச் செய்ததாகவும் ருபய்யிஃ (ரலி) கூறுகிறார். பிள்ளைகளுக்காகக் கம்பளியால் விளையாட்டுப் பொருள் செய்து வைத்துக்கொள்வார்களாம். பசித்துப் பிள்ளை உணவு கேட்டு அழுதால் அதைக் கையில் கொடுத்து, நோன்பு திறக்கும் நேரம்வரை ஆற்றுவார்களாம். முஸ்லிமில் உள்ள ஓர் அறிவிப்பு இன்னும் ஒரு செய்தியைத் தருகிறது: பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குச் செல்வார்கள், அந்தப் பொம்மையும் உடன் போகும்.

இந்த அறிவிப்பை முன்பும் படித்ததுண்டு. சிறுவரின் நோன்பு பற்றிய சட்டமாகவே அப்போது அது எங்கள் மனத்தில் பதிந்தது. பொம்மையைச் செய்த கை யாருடையது என்று நினைத்துப் பார்த்ததில்லை. நோன்பிருக்கும் ஒரு தாய், அதுவும் இறைத்தூதரின் அறிவிப்பைக் கேட்டு நோன்பிருக்கும் ஒரு தாய், அந்தப் பகலில் அமர்ந்து கம்பளியை முறுக்கிப் பொம்மை செய்கிறாள். தனியொருத்தியின் வழக்கமாகவும் அவர் இதைச் சொல்லவில்லை. ‘நாங்கள்’ என்றே சொல்கிறார். அன்சாரிப் பெண்களின் வீட்டு நடைமுறை அது.

கம்பளிக்கு அவர் பயன்படுத்திய சொல் ‘இஹ்ன்’. சாயம் தோய்த்த கம்பளியை அது குறிக்கும் என்பர் உரையாசிரியர்கள். குர்ஆன் ஓதுவோருக்கு இது புதிய சொல்லன்று. அல்காரிஆ அத்தியாயத்தில், மறுமை நாளில் மலைகள் பஞ்சாய்ப் பறப்பதற்கு உவமையாக வருவது இந்த ‘இஹ்ன்’ தான். நெஞ்சை நடுங்கச் செய்யும் காட்சிக்கு உவமையான பொருளே மதீனாவின் வீடுகளில் பசித்த பிள்ளையின் கண்ணீரைத் துடைத்திருக்கிறது. வெள்ளைக் கம்பளி கிடைக்காமலா இருந்திருக்கும்? வண்ணம் பார்த்து எடுத்தார்கள் என்றால், பிள்ளையின் கண் எதை நாடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இடையே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மழலை மாறாப் பிள்ளையைப் பட்டினி போட இந்த அறிவிப்பை எவரும் சான்றாக்க வேண்டாம். பருவமடையாதவர் மீது நோன்பு கடமையில்லை. தாங்கும் வயது வந்த பிள்ளையைப் பழக்குவதற்கே ஃபிக்ஹ் நூல்கள் இதை ஆதாரமாகக் காட்டுகின்றன. எங்கள் மகளின் ‘நோன்பு’ சஹருக்கும் காலைப் பாலுக்கும் இடையே முடிந்துவிடும்.

இதே பாடத்தின் தலைப்பில் இமாம் புகாரீ உமர் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி ஒன்றையும் சேர்த்திருக்கிறார். ரமளானில் குடித்திருந்த ஒருவனைப் பிடித்து வந்தபோது, நம் சிறுவர்கள்கூட நோன்பாளிகளாக இருக்கையில் நீ இப்படியா என்று அவர் இடித்துரைத்துத் தண்டித்தாராம். ஊரின் நோன்புக்கு அளவுகோலாகக் கலீஃபா நிறுத்தியது சிறுவர்களை.

பொம்மை என்றதும் சிலருக்கு வேறொரு தயக்கம் எழும். உயிருள்ளவற்றின் உருவம் கூடுமா என்ற கேள்வி அது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பொம்மைகள் வைத்து விளையாடியதும், நபி (ஸல்) அவர்கள் உள்ளே வரக் கண்டு ஒளிந்துகொண்ட தோழியரை நபியவர்களே திரும்ப அவரிடம் அனுப்பி வைத்ததும் புகாரீயில் உள்ளன. அபூதாவூத் தரும் நிகழ்ச்சி அதனினும் அழகியது. தபூக்கிலிருந்தோ கைபரிலிருந்தோ நபியவர்கள் திரும்பிய வேளை; எதிலிருந்து என்பதில் அறிவிப்பாளருக்கே ஐயம். காற்றில் திரை விலகி, மாடத்தில் இருந்த பொம்மைகள் தெரிந்தன. நடுவே துணித் துண்டுகளால் இரு சிறகுகள் வைத்த ஒரு குதிரை. குதிரைக்கும் சிறகா என்று நபியவர்கள் வினவ, சுலைமான் நபியிடம் சிறகுள்ள குதிரைகள் இருந்ததைக் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையார் திருப்பிக் கேட்டார்கள். கடைவாய்ப் பற்கள் தெரியும் அளவுக்கு நபியவர்கள் சிரித்தார்கள். துணித் துண்டு என்ற சிறு விவரம் எங்களுக்குப் பெரிதாகப் பட்டது. வீட்டில் எஞ்சிய கந்தல் துணியில் பிறந்த சிறகு அது. அதற்குத் துணை நின்றதோ நபிமார் வரலாறு.

இந்த அனுமதி பின்னர் மாற்றப்பட்டது என்று கருதிய அறிஞர்களும் உண்டு. சிறுமியரின் பொம்மைக்கு மட்டும் விலக்கு உண்டு என்பதே பெரும்பான்மையோர் கருத்து என்று காழீ இயாழ் எழுதியுள்ளார். பேணுதல் கருதிக் கண், மூக்கு வரையாத துணிப் பொம்மை வைத்துக்கொள்ளும் குடும்பங்களும் நம்மிடையே இருக்கின்றன. அவர்களிடம் நாம் வழக்காடப் போவதில்லை.

வழக்கு உண்மையிலேயே எழுந்த இடம் பக்தாத். அங்கே பொம்மைகளுக்கென்றே ஒரு கடைத்தெரு இருந்தது. அப்பாஸியக் கலீஃபா முக்ததிரின் காலத்தில், அதாவது கி.பி. 908 முதல் 932 வரையிலான ஆட்சியில், நகரின் முஹ்தஸிபாக, சந்தைகளையும் பொது ஒழுங்கையும் கண்காணிக்கும் அதிகாரியாக, அபூ ஸயீத் அல்இஸ்தக்ரீ பொறுப்பேற்றார். ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர், கி.பி. 940-இல் மறைந்தவர். போதைப் பானத்தில் சேர்க்கும் ‘தாதீ’ என்ற சரக்கு விற்ற கடைத்தெருவை அவர் மூடச் செய்தார். பொம்மைக் கடைத்தெருவைத் தொடவில்லை. நபியவர்களின் கண்முன்னே அன்னை ஆயிஷா (ரலி) பொம்மை வைத்து விளையாடினார்கள், நபியவர்கள் தடுக்கவில்லை என்பதே அவர் காட்டிய காரணம்.

இதை நமக்குச் சொல்பவர் கி.பி. 1058-இல் மறைந்த அல்மாவர்தீ. அவரும் ஷாஃபிஈ அறிஞரே. ஆட்சிமுறை பற்றி அவர் எழுதிய ‘அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா’வில், வரி, நீதி, படை என்று அரசின் பெருங்காரியங்களுக்கு நடுவே சிறுமியரின் பொம்மைக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார். பொம்மைகளின் நோக்கம் பாவம் அன்று, பிள்ளை வளர்ப்பில் சிறுமியர் பழகுவதே என்று தொடங்குகிறார். உருவங்களை ஒத்திருப்பதால் மறுபக்கமும் உண்டு என்று ஒப்புக்கொண்டு, நிலைமைக்கேற்ப முடிவெடுக்கும் பொறுப்பை முஹ்தஸிபிடம் விடுகிறார். காயல்பட்டினம், கீழக்கரை தொடங்கி இலங்கை வரை நம் கடற்கரை ஊர்கள் பின்பற்றி வருவது அந்த மத்ஹபைத்தான். ஆகவே இஸ்தக்ரீயின் தீர்ப்பு எங்களுக்குத் தொலைவிலிருந்து வந்த செய்தியாகத் தோன்றவில்லை.

இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) ‘இஹ்யா’வில் எழுதியதும் இங்கே நினைவுக்கு வருகிறது. ஓதும் பள்ளியிலிருந்து திரும்பும் சிறுவனை நல்ல விளையாட்டு விளையாட விட வேண்டும், களைப்பு ஆற வேண்டும் என்கிறார். விளையாட்டைத் தடுத்து எந்நேரமும் படிப்பில் கட்டி வைத்தால் அவன் உள்ளம் செத்துவிடும், அறிவு மழுங்கும், படிப்பிலிருந்து தப்பவே வழி தேடுவான் என்பது அவர் எச்சரிக்கை. மூன்று வயதிலேயே கைப்பேசியில் சூரா மனனப் போட்டிக்குப் பிள்ளையைத் தயார்செய்யும் பெற்றோர் அந்தப் பகுதியை ஒருமுறை படிக்கலாம்.

திருநாட்களைக் குழந்தைகளுக்கென்று அலங்கரித்த நகரம் என்றால் கெய்ரோவைச் சொல்ல வேண்டும். கி.பி. 1442-இல் மறைந்த வரலாற்றாசிரியர் அல்மக்ரீஸீ, அந்நகரின் முஹ்தஸிபாகவும் இருந்தவர். சந்தைகளை உள்ளும் புறமும் அறிந்தவர். ரஜப் மாதம் வந்தால் இனிப்புக் கடைத்தெரு கண்கொள்ளாக் காட்சியாகும் என்று எழுதுகிறார். குதிரை, சிங்கம், பூனை என்று சர்க்கரையில் வார்த்த உருவங்களை நூலில் கட்டிக் கடை முகப்பில் தொங்கவிடுவார்கள். தொங்குவதாலேயே அவற்றுக்கு ‘அலாலீக்’ என்று பெயர். செல்வர், எளியவர் என்றில்லாமல் எல்லாரும் வீட்டுப் பிள்ளைகளுக்கு வாங்கிப் போவார்கள். கம்பில் சுற்றிய ஜவ்வு மிட்டாயை இழுத்துக் கைக்கடிகாரமும் மயிலும் செய்து தரும் நம் ஊர் மிட்டாய்க்காரரைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கடைத்தெருவைக் கற்பனை செய்வது கடினமன்று.

ரமளானில் கூட்டம் மெழுகுவத்திக் கடைத்தெருவுக்கு மாறும். விலைக்கும் வாடகைக்கும் வத்திகள் கிடைக்கும். வண்டியில் ஏற்றித்தான் நகர்த்த முடியும் என்னும் அளவுக்குப் பெரியவையும் உண்டு. அந்த ஒளியைச் சூழ்ந்துகொண்டு சிறுவர்கள் தராவீஹுக்கு ஊர்வலமாகச் செல்வார்கள். தம் காலத்திலேயே அந்தத் தெரு நலிந்து சில கடைகளாகச் சுருங்கிவிட்டதையும் மக்ரீஸீ வருத்தத்துடன் பதிவு செய்துள்ளார். சர்க்கரைச் சிங்கமும் வாடகை மெழுகுவத்தியும் மார்க்கத்தின் பகுதி என்று நாம் சொல்லவில்லை. அவை ஊர் வழக்கங்கள். ஆயினும் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுப் பெரியவர்கள் மட்டும் கொண்டாடும் ரமளானாக அது இருந்ததில்லை.

இவ்வளவையும் உம்மும்மாவிடம் ஒரே நாளில் சொல்லவில்லை. ருபய்யிஃ நாச்சியாரின் செய்தியை மட்டும், நோன்பு திறந்து தேநீர் அருந்தும் வேளையில் மெல்ல எடுத்துரைத்தோம். கேட்டுவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்க உம்மாவும் செஞ்சி தருவாங்க" என்றார். பள்ளிக்கூடம் இல்லாத நோன்புப் பகலில், நோன்பு திறக்கும் கஞ்சி வேகும்வரை பிள்ளைகள் அடுப்படியில் வந்து நச்சரிக்காமல் இருக்க, குருத்தோலை கிழித்துக் கிலுகிலுப்பை முடைந்து தருவார்களாம். உள்ளே குன்றிமணி போடுவார்களாம். முந்நாளைய இரவுகளில் நாங்கள் நூல்களில் தேடியது அடுத்த அறையிலேயே இருந்திருக்கிறது. கேட்கத்தான் எங்களுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் ஓலைக்குச் சொல்லியனுப்பினார். அஸருக்குப் பின் அதே கூடத்தில், அதே பாயில் அமர்ந்தார். விரல்கள் முதலில் தடுமாறின. மூன்றாவது மடிப்பில் நினைவு வந்துவிட்டது. குன்றிமணி நஞ்சு என்பதால் புளியங்கொட்டை போடச் சொன்னோம்; சத்தம் அவ்வளவு நன்றாக வராது என்று முணுமுணுத்தபடியே போட்டார். மகள் அவர் மடியைவிட்டு நகரவில்லை. கிழித்த ஓலை ஒவ்வொன்றையும் எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு அவளுடையது. ஒவ்வொன்றுக்கும் பிஸ்மில்லாஹ் சொல்ல வேண்டும் என்பது உம்மும்மாவின் நிபந்தனை; முதல் இரண்டு எழுத்துகளோடு அவள் நிறுத்திக்கொண்டாள். சுருட்டி வைத்த தோரணமும் அன்று வெளியே வந்து சன்னலில் ஏறியது.

கிலுகிலுப்பை பெருநாள்வரை தாங்கவில்லை. மூன்றாம் நாளே முனை பிரிந்து புளியங்கொட்டைகள் உருண்டோடின. பிள்ளை வாயில் போடுவதற்குள் பொறுக்கி எடுத்தோம். அடுத்ததை இன்னும் இறுக்கமாக முடைய வேண்டும் என்று உம்மும்மா மீண்டும் ஓலை கேட்டார்.